பிப்ரவரி 2-க்கு மன்றாட்டு எழுதும் மகளுக்கு

மரியே வாழ்க!

அன்பு மகள் ஜெனிக்கு, அம்மா எழுதுவது.

பிப்ரவரி 2 பூசைக்கு விசுவாசிகள் மன்றாட்டு, அதாவது பூசையில் மக்கள் சார்பில் வாசிக்கிற வேண்டுதல், எழுதுகிற வேலை உங்கள் அன்பியத்துக்கு (பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கிற குழுவுக்கு) வந்திருக்கிறது, அதுவும் துறவியருக்காக என்று சொன்னாய். போனில் சொன்னால் பாதி மறந்துவிடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில், வழக்கமாக வாசிக்கிற மன்றாட்டு ஒன்றை எடுத்துப் பார். "எம் திருஅவையை வழிநடத்தும் இறைவா! திருத்தந்தை, ஆயர்கள், குருக்கள், துறவியர், பொதுநிலையினர் அனைவரும் உம் அன்பின் சாட்சிகளாய்த் திகழ வரமருள வேண்டுமென்று இறைவா உம்மை மன்றாடுகிறோம்." ஒரே மூச்சில் ஐந்து கூட்டம். துறவியர் என்ற சொல் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. சாட்சிகளாய்த் திகழ்வது எல்லோருக்கும்தான் வேண்டும். துறவியருக்கென்று அதில் கேட்டது எதுவுமில்லை. நீ எழுதுவது அப்படி ஆகக் கூடாது என்றால், யாருக்காக, அவர்கள் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள், அங்கே எது கடினம் என்று தெரிந்துகொண்டு பேனாவை எடு.

கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்று கடவுளுக்கு உறுதிமொழி, அதாவது வார்த்தைப்பாடு, கொடுத்து ஒரு சபையில் வாழ்கிறவர்கள்தான் துறவியர். உங்கள் பங்குச் சாமியார் மறைமாவட்டக் குரு என்றால் அவர் இந்தக் கணக்கில் வரமாட்டார். அவருக்கு மணத்துறவும் ஆயருக்குக் கீழ்ப்படிதலும் உண்டு, ஏழ்மை வார்த்தைப்பாடு கிடையாது. இயேசு சபை, சலேசிய சபைக் குருக்கள் வருவார்கள். எப்போதும் விட்டுப்போவது பிரதர்கள்தான். குருப்பட்டம் பெறாமல், துறவியாகவே கடைசிவரை இருப்பது அவர்கள் அழைப்பு. "எப்ப ஃபாதர் ஆவீங்க?" என்று கேட்டே அவர்களை நோகடிக்கிறோம். மன்றாட்டிலும் "குருக்கள், கன்னியர்" என்று எழுதிவிட்டு அவர்களை வெளியே நிறுத்திவிடாதே.

இனி கட்டங்கள். சபையில் சேர்ந்து சில காலம் பழகிய பிறகு நவதுறவகம் என்கிற பயிற்சிக் காலம். திருஅவைச் சட்டப்படி அது குறைந்தது 12 மாதம். நடுவில் மொத்தமாக 3 மாதத்துக்கு மேல் அங்கே இல்லாமல் போனால் அது செல்லாது. வீட்டில் கல்யாணம், சாவு என்று நினைத்தபடி வந்துபோக முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். பிறகு முதல் வார்த்தைப்பாடு; அது தற்காலிகமானது, 3 முதல் 6 ஆண்டு வரை. தேவைப்பட்டால் மொத்தம் 9 ஆண்டு வரை நீட்டலாம், அதற்கு மேல் முடியாது. அதன் பிறகே இறுதி வார்த்தைப்பாடு. அதற்கு வயதும் 21 ஆகியிருக்க வேண்டும்.

இந்த இடைக்காலத்தில்தான் நம் செபம் தடம் மாறுகிறது. "யாரும் மனம் மாறிப் போகாதிருக்க" என்று கேட்கிறோம். தற்காலிக வார்த்தைப்பாடு முடிகிற நாளில் ஒருவர் விலகிப்போவதைச் சட்டமே அனுமதிக்கிறது. இந்த ஆண்டுகள் இருப்பதே அழைப்பைச் சோதித்துப் பார்க்கத்தான். ஆகவே தெளிவைக் கேள். வீடு திரும்புகிற பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்று உனக்கே தெரியும். அவளுக்காகவும் ஒரு வரி இருக்கட்டும்.

இறுதி வார்த்தைப்பாடு கொடுத்தவர்களுக்குப் பாரம் வேறு. சிஸ்டர் பள்ளியில் வாங்குகிற சம்பளம் அவர் கைக்கு இல்லை, சபைக்கு. பேருந்துக் காசுக்கும் இல்லத் தலைவியிடம் கணக்கு. ஒரு ஊரில் மனிதர்களைப் பழகி முடிக்கும்போது மாற்றல் வரும். நம் பக்கம் அது பெரும்பாலும் பள்ளி விடுமுறையை ஒட்டி, மே மாதத்தில். கீழ்ப்படிதல் அப்போதுதான் வலிக்கும். நீ செபிக்கிற சிஸ்டருக்கு மே மாதத்தில் செபமாலையில் இரண்டு மணி கூடுதலாக உருட்டு.

பெரும்பாலான மன்றாட்டுகள் புதிய அழைத்தல்களை, அதாவது துறவுக்குப் புதிதாக ஆள் வருவதை, மட்டும் கேட்டுவிட்டு நின்றுவிடுகின்றன. "அறுவடையோ மிகுதி, வேலையாட்களோ குறைவு" என்ற வசனம் இருக்கிறதே, அதற்கென்று பாஸ்கா காலத்தின் (உயிர்ப்புக் காலத்தின்) 4-ஆம் ஞாயிறு, நல்லாயன் ஞாயிறு, 1964 முதல் தனியாகவே இருக்கிறது. பிப்ரவரி 2, ஏற்கெனவே வந்துவிட்டவர்களுக்கான நாள். இயேசுவைக் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த விழாவை அர்ப்பண வாழ்வின் நாளாக, அதாவது துறவியரின் நாளாக, 1997-இல் தொடங்கிவைத்தவர் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால். அன்றைய நற்செய்தியைப் படித்துவிட்டு எழுத உட்கார். ஏழைகள் கொடுக்கிற இரண்டு புறாக்கள், கோவிலைவிட்டு நீங்காத முதிய கைம்பெண் அன்னா. அவரைப் படித்தால் முதியோர் இல்லத்துச் சிஸ்டர்களை மறக்கவே முடியாது. அங்கே குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திச் சிமியோன் சொல்வதைத்தான் துறவியர் ஒவ்வொரு நாளும் இரவுச் செபத்தில் சொல்கிறார்கள்.

இதோ இரண்டு மாதிரி. இப்படியே காப்பி அடிக்காதே.

"பெயர் சொல்லி அழைக்கும் இறைவா! முதல் வார்த்தைப்பாட்டுக்குத் தங்களைத் தயாரிக்கும் நவதுறவியரை உம் முன் வைக்கிறோம். அச்சமும் அவசரமும் இன்றி உம் விருப்பத்தை அவர்கள் கண்டுகொள்ளத் தெளிவைத் தர வேண்டுமென்று இறைவா உம்மை மன்றாடுகிறோம்."

"சிமியோனின் கண்கள் காணும்வரை காத்திருந்த இறைவா! உழைத்து ஓய்ந்து, படுக்கையிலிருந்தே செபிக்கும் முதிய துறவியருக்கு வலியில் ஆறுதலும், பக்கத்தில் அன்பான ஒரு துணையும் தர வேண்டுமென்று இறைவா உம்மை மன்றாடுகிறோம்."

ஒரு மன்றாட்டு இரண்டு வாக்கியம் போதும், 25 சொல்லைத் தாண்ட வேண்டாம். நீண்டால் மக்கள் பதில் சொல்ல மறந்து நிற்பார்கள். மொத்தம் ஐந்து. வரிசை முதலில் திருஅவை, அடுத்து நாடும் உலகமும், பிறகு துன்பப்படுகிறவர்கள், கடைசியில் நம் பங்கு. அர்ப்பண வாழ்வின் நாள் என்பதற்காக ஐந்தையும் துறவியருக்கே கொடுத்துவிடாதே. இரண்டோ மூன்றோ கொடு. தொடக்கமும் முடிவும் சாமியார் சொல்வது, அதை நீ எழுத வேண்டாம். "துறவியர் எளிமையாய் வாழ வேண்டுமென்று" என்று எழுதி, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சிஸ்டர்களுக்குப் பிரசங்கம் வைத்துவிடாதே. அது மன்றாட்டு இல்லை, குத்தல்.

இது பூசைக்கு. வீட்டில் செபிக்க ஒரு சின்னத் தாள் போதும். உனக்குப் பாடம் சொன்ன சிஸ்டர், ஆஸ்பத்திரி சிஸ்டர், தெரிந்த பிரதர் என்று ஏழு பேர், நாளுக்கு ஒருவர். பெயர், சபை, வார்த்தைப்பாடு கொடுத்த நாள், பெயர்கொண்ட புனிதரின் திருநாள் எழுதி வை. "உங்களுக்காக என்ன கேட்கட்டும்?" என்று அவர்களிடமே கேட்டுவிடு. செபமாலையில் திங்களும் சனியும் சொல்கிற மகிழ்ச்சி மறைபொருள்களில் (தியானிக்கிற நிகழ்ச்சிகளில்) நான்காவது இதே காணிக்கை நிகழ்ச்சிதான். அந்தப் பத்து மணியை அன்றைய பெயருக்குக் கொடு. கார்மேல் சபைக் கன்னியர் போல மடத்தைவிட்டு வெளியே வராத துறவியருக்கு நவம்பர் 21 தனி நாள். பிரான்சில் லிசியே ஊர்க் கார்மேல் மடத்திலிருந்த குழந்தை இயேசுவின் தெரேசா அப்படித்தான் இரண்டு மறைபரப்பாளர்களைப் பெயரோடு ஏற்றுச் செபித்தார், கடிதமும் எழுதினார்.

ஒரு விஷயத்தில் கவனம். சிஸ்டர் உன்னிடம் சொன்ன நோயையோ மனக்கஷ்டத்தையோ அன்பியக் கூட்டத்தில் செபக் கருத்தாகச் சொல்லாதே. செபமாகத் தொடங்குவது மறுநாள் தெருவில் செய்தியாக நடக்கும். "ஒரு சகோதரிக்காக" என்றால் ஆண்டவருக்குப் புரியும்.

அன்று பூசை மெழுகுவர்த்தி மந்திரித்துப் பவனியோடு தொடங்கும். மன்றாட்டுத் தாளைப் பெரிய எழுத்தில் எழுது. சூடான மெழுகு கையில் சொட்டாமலிருக்க ஒவ்வொரு மெழுகுதிரிக்கும் அட்டையை வட்டமாக வெட்டி நடுவில் துளை போடச் சொல். பவனி உள்ளே வரும்போது கோவில் ஃபேன்களை நிறுத்திவைக்க உபதேசியாரிடம் முந்தின நாளே சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா