வீட்டுவசதிக் குழுச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவு விவரம் பொருளாளர் அறிக்கையில் இருக்கிறது. இங்கே எழுதுவது, இல்லினாய் மாநிலம் மலிவு வாடகை வீடுகளுக்கான நன்கொடைக்குத் தரும் வரி கிரெடிட் பற்றி. உறுப்பினர்கள் குழுவிடம் அதிகம் கேட்டது இதைத்தான். “பாதிப் பணம் திரும்ப வந்துவிடும்” என்ற பேச்சும் பரவியிருக்கிறது. அது அவ்வளவு எளிதில்லை.

திட்டம் 2001-இல் சட்டமானது. மலிவு வீடு கட்டும், அல்லது பழைய கட்டடத்தை அதற்காகச் சீரமைக்கும் லாபநோக்கற்ற அமைப்புக்குத் தரும் ஒவ்வொரு டாலருக்கும் மாநில வருமான வரியில் 50 சென்ட் கழியும். பணமாகவும் தரலாம், நிறுவனப் பங்காகவும் நிலமாகவும் தரலாம். ஒரு திட்டத்துக்கு வரும் நன்கொடை குறைந்தது 10,000 டாலர் இருக்க வேண்டும். கிரெடிட்டில் 24.5 விழுக்காடு சிகாகோ மாநகராட்சி வழியாகவும், மீதி மாநில வீட்டுவசதி மேம்பாட்டு ஆணையம் வழியாகவும் வழங்கப்படுகிறது.

கிரெடிட்டுக்கு விண்ணப்பிப்பது கட்டும் அமைப்பின் வேலை. ஒதுக்கீட்டுக் கடிதம் அவர்கள் கைக்கு வந்த பிறகு பணம் கொடுப்பதே பாதுகாப்பு. ஆண்டுக்கென்று உச்சவரம்பு உள்ள திட்டம் இது. ஒதுக்கீடு கிடைக்காவிட்டால் உங்கள் காசோலை வெறும் நன்கொடையாக நின்றுவிடும். டிசம்பர் கடைசி வாரத்தில் அவசரமாகக் காசோலை எழுதுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி கணக்கு. 10,000 டாலர் கொடுத்தால் 5,000 டாலர் கிரெடிட். மாநில வரி விகிதம் 4.95 விழுக்காடு என்பதால், அதை ஒரே ஆண்டில் தீர்க்க ஏறக்குறைய 1,01,000 டாலர் வரிக்குரிய வருமானம் வேண்டும். மிஞ்சுவதை ஐந்து ஆண்டு வரை முன்னெடுத்துச் செல்லலாம்; ரொக்கமாகத் திரும்பக் கிடைக்காது. ஓய்வு பெற்ற உறுப்பினர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சோஷியல் செக்யூரிட்டிக்கும் (அரசு தரும் ஓய்வூதியம்) 401(கே) ஓய்வூதியத்துக்கும் (வேலை செய்த இடத்தில் சேமித்தது) இல்லினாய் வரி போடுவதில்லை. வரியே இல்லாதவருக்குக் கிரெடிட் எதற்கு? அவர்கள் அதை, இத்தகைய திட்டத்துக்குத் தகுதியான நன்கொடை தந்த வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம், சட்டம் அனுமதிக்கிறது. அதை நன்கொடை கொடுக்கும் முன்பே பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.

கூட்டாட்சி வரியில் இன்னொரு முடிச்சு. 2019-இல் வந்த விதிப்படி, மாநில கிரெடிட் நன்கொடையில் 15 விழுக்காட்டைத் தாண்டினால், அந்த அளவு அறக்கொடைக் கழிவு குறையும். எனவே 10,000 கொடுத்தவர் அறக்கொடையாகக் காட்டக்கூடியது 5,000 மட்டுமே. மற்ற 5,000-ஐ, கிரெடிட்டைப் பயன்படுத்தும் ஆண்டில், கட்டிய மாநில வரியாகக் கருத விதி இடம் தருகிறது. ஆனால் மாநில, உள்ளூர் வரிக் கழிவுக்கு 10,000 டாலர் வரம்பு இருந்தவரை, சிகாகோ புறநகரான நேப்பர்வில் போன்ற ஊர்களில் வீட்டு வரியே அதைத் தின்றுவிடும். அந்தச் சலுகை பெயரளவில்தான் இருந்தது. 2025-க்கு வரம்பு 40,000 ஆகியிருப்பதால் (ஐந்து லட்சம் டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு இது குறைந்துகொண்டே போகும்) இப்போதுதான் பலருக்குக் கணக்கு ஒத்துவருகிறது. 2026 முதல் வருமானத்தில் முதல் அரை விழுக்காட்டு அறக்கொடைக்குக் கழிவே கிடையாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் (கழிவுகளைத் தனித்தனியே பட்டியலிடாமல் நிலையான ஒரு தொகையைக் கழிப்பது) எடுப்பவர்களுக்கு இந்தப் பத்தியில் பெரிதாக வேலையில்லை.

நிலம் கொடுப்பதில்தான் திட்டத்தின் உண்மையான பலம் இருக்கிறது. மாநகராட்சி தன் காலி மனையை ஒரு டாலருக்கு விற்கிறது என்று வையுங்கள். மதிப்பீடு எட்டு லட்சம் டாலர் என்றால் கிரெடிட் ஏறக்குறைய நான்கு லட்சம். மாநகராட்சிக்கு வருமான வரி இல்லை. கிரெடிட்டை, தானும் நன்கொடை தந்த ஒரு முதலீட்டாளர் வாங்குகிறார். டாலருக்கு 90 சென்ட் என்று கொண்டால் மூன்று லட்சத்து அறுபதாயிரம் கட்டுமானத்துக்கு வரும். அந்தப் பணத்தைக் கட்டடத்தின் உரிமையாளரான கூட்டாளித்துவத்துக்கு நேரடி மானியமாகத் தந்தால், மலிவு வீடுகளுக்கான கூட்டாட்சி வரி கிரெடிட்டைக் கணக்கிட எடுக்கும் அடிப்படைச் செலவு குறைந்துவிடக்கூடும். அதனால்தான் அனுபவமுள்ள அமைப்புகள் அதைக் கடனாகவோ முதலாகவோ உள்ளே விடுகின்றன.

தனியார் மனை தருவதானால், 5,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள சொத்துக்குத் தகுதிபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையும் கூட்டாட்சி வரித்துறையின் 8283 படிவமும் வேண்டும். மதிப்பீடு நன்கொடை நாளுக்கு 60 நாளுக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. பழைய பெட்ரோல் பங்க், உலர்சலவைக் கடை இருந்த மனை என்றால் முதலில் மண்ணைச் சோதியுங்கள். சுத்தம் செய்யும் செலவு மனை மதிப்பையே விழுங்கிவிடும்.

கட்டி முடித்தபின் வரும் கட்டுப்பாடு பத்து ஆண்டு. வாடகைக் கட்டடத்தில் குறைந்தது 25 விழுக்காடு வீடுகளில், வட்டார இடைநிலை வருமானத்தில் 60 விழுக்காட்டுக்கு மேற்படாதவர்கள் குடியிருக்க வேண்டும். வாடகை அந்த வரம்பு வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. குடியிருப்பவரே கட்டும் ஹீட்டிங் செலவும் இந்த வாடகையில் சேர்த்தி. கட்டடத்துக்குப் பொதுவான பாயிலரை எடுத்துவிட்டு வீட்டுக்கு வீடு ஃபர்னஸ் வைக்கும் சீரமைப்புகளில் கணக்கு உதைப்பது இங்கேதான்: எரிவாயு பில் குடியிருப்பவர் தலையில் போனதும், சரியாக இருந்த வாடகை வரம்பைத் தாண்டிவிடும்.

நன்கொடை தந்த உறுப்பினர்கள் கிரெடிட் சான்றிதழ் நகலோடு 1299-சி அட்டவணையை மாநில வரிப் படிவத்தில் இணைக்கவும். சங்கம் வழங்கும் ரசீது அதற்கு ஈடாகாது. 2026-இல் மனை தர எண்ணமுள்ளவர்கள் பத்திர நகல், வீட்டு வரி எண், அடமானம் இருந்தால் அதன் விவரம் ஆகியவற்றைக் குழுவிடம் மார்ச் மாதத்துக்குள் தரவேண்டும்.

செயலாளர்,
வீட்டுவசதிக் குழு