ஆஸ்திரேலியக் கால்பந்து 2005-ல் பிறக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இதழின் விளையாட்டுப் பக்கத்தில் ஆஸ்திரேலியக் கால்பந்து பற்றி வந்த கட்டுரை, அந்நாட்டின் கிளப் வரலாற்றை இன்றைய முதல்நிலைத் தேசியப் போட்டியான ஏ-லீக் தொடங்கிய 2005-லிருந்தே எண்ணுகிறது. அதற்கு முந்தைய காலத்தை, குடியேறியவர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்ட காலம் என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறது. அதோடு வந்த சாம்பியன்கள் அட்டவணையும் அப்படித்தான். 1977 முதல் 2004 வரை நடந்த தேசியக் கால்பந்து லீக்கின் ஒரு பட்டம்கூட அதில் இல்லை. அதனால் நான்கு முறை தேசியப் பட்டம் வென்ற சவுத் மெல்போர்ன் கிளப்பின் பெயரே வாசகர் கண்ணில் படவில்லை. அந்த ஒரு கிளப்பின் கதையைச் சரியாகச் சொன்னாலே கட்டுரையின் பிழை விளங்கிவிடும்.

ஆஸ்திரேலியாவும் கிரேக்கமும் 1952-ல் குடியேற்ற உடன்படிக்கை செய்துகொண்டன. கப்பல் கப்பலாக வந்திறங்கிய கிரேக்கத் தொழிலாளர்களில் பெரும் பகுதியினர் மெல்போர்னில் தங்கினர். அந்நகரின் குளிர்கால விளையாட்டு, முட்டை வடிவப் பந்தைக் கையாலும் காலாலும் ஆடும் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து. நமக்குத் தெரிந்த கால்பந்தை வந்தேறிகளின் ஆட்டம் என்றுதான் உள்ளூர்க்காரர்கள் பார்த்தார்கள். அந்தச் சூழலில் 1959-ல் மூன்று கிளப்புகள் ஒன்றாயின: கிரேக்கர்கள் நடத்திய ஹெல்லெனிக், யாரா பார்க் அயாஸ், கூடவே சவுத் மெல்போர்ன் யுனைடெட் என்ற உள்ளூர் கிளப். பிறந்தது சவுத் மெல்போர்ன் ஹெல்லாஸ் (ஹெல்லாஸ் என்றால் கிரேக்க நாடு). மூன்றாவது பெயரைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். தனித்து ஒதுங்கி நிற்பதற்காகத் தொடங்கிய கிளப் இது என்றால், உள்ளூர் கிளப்போடு இணைந்தது ஏன் என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

இணைப்பில் நடைமுறை லாபமும் உண்டு. புதிதாகப் பதிவு செய்யும் கிளப் கடைசிப் பிரிவிலிருந்து ஏறி வர வேண்டும், மைதானக் குத்தகைக்கு நகராட்சியின் வாசலில் காத்திருக்க வேண்டும். பழைய கிளப்பிடம் பதிவும் இடமும் இருக்கும், கூட்டமும் பணமும் இருக்காது. புதியவர்களிடம் கூட்டம் இருந்தது. 1962-லேயே ஹெல்லாஸ் விக்டோரியா மாநில லீக்கை வென்றது. ஆல்பர்ட் பார்க் ஏரிக்கரையை ஒட்டிய மிடில் பார்க் மைதானம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதன் வீடாக இருந்தது.

அரைத் தொழில்முறை என்ற சொல்லையும் கட்டுரை தரக்குறைவு என்ற பொருளில் ஆள்கிறது. உண்மையில் அது ஒரு வரவு செலவு முறை. வீரருக்குப் பகலில் வேறு வேலை, மாலையில் பயிற்சி, வார இறுதியில் ஆட்டம். கிளப் தருவது முழுநேரச் சம்பளமல்ல, ஆட்டத்துக்கு இவ்வளவு, வென்றால் கூடுதலாக இவ்வளவு என்ற கணக்கு. அந்தப் பணம் வருவது நுழைவுச்சீட்டு, உறுப்பினர் சந்தா, மைதானத்து உணவுக்கடை, சமூகத்தைச் சேர்ந்த கடைக்காரர்களும் கட்டட ஒப்பந்தக்காரர்களும் கொடுக்கும் விளம்பரத் தொகை ஆகியவற்றிலிருந்து. இதில் நுழைவுச்சீட்டுதான் முதலில் ஆட்டம் காணும். தொடர்ந்து நாலைந்து வாரம் மழை பெய்தாலோ, அணி அடுத்தடுத்து தோற்றாலோ கூட்டம் குறையும், ஆனால் வீரர்களுக்குத் தர வேண்டியது குறையாது. அந்த இடைவெளியை நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் கைப்பணத்தால் நிரப்புவார்கள். கைப்பணம் போட்டவர் மறு ஆண்டு தேர்தலில் தோற்றால் அது கடனாக மாறும். குடியேறியோர் கிளப்புகளில் கோஷ்டிப் பூசல் என்று வெளியே தெரிவதில் பாதி இந்தக் கடன் தகராறுதான்.

வேறு வகைப் பிழைகளும் நடந்தன, அவற்றை மறைக்க வேண்டியதில்லை. 1950-களின் இறுதியில் ஆஸ்திரேலிய கிளப்புகள் ஆஸ்திரியா, நெதர்லாந்து வீரர்களை, அவர்களின் பழைய கிளப்புக்குத் தர வேண்டிய மாற்றுத் தொகையைச் செலுத்தாமலே களமிறக்கின. குடியேறியாக வந்தவர் எந்த கிளப்பிலும் ஆடலாம் என்பது இவர்கள் வாதம். பழைய கிளப் விடுவிக்காதவரை ஆட முடியாது என்பது ஃபிஃபா விதி. விளைவு, 1960-ல் ஆஸ்திரேலியாவை ஃபிஃபா இடைநீக்கம் செய்தது. பணம் கட்டிச் சமரசம் ஆன பிறகு, 1963-ல்தான் தடை நீங்கியது.

தேசியக் கால்பந்து லீக் 1977-ல் 14 அணிகளோடு தொடங்கியது. சவுத் மெல்போர்ன் அதன் தொடக்க அணிகளில் ஒன்று. 1984, 1990-91, 1997-98, 1998-99 ஆகிய நான்கு பருவங்களில் அது பட்டம் வென்றது. இரண்டாவது பட்டத்தின்போது பயிற்சியாளர் ஃபெரென்ஸ் புஸ்காஸ்: ஹங்கேரியின் மாபெரும் வீரர், ரியால் மாட்ரிட்டின் கோல் இயந்திரம். 1971-ல் பனாத்தினாயிகோஸ் அணியை ஐரோப்பியக் கோப்பை இறுதிக்கு அழைத்துச் சென்றவரும் அவரே. ஏதென்ஸில் பழகிய கிரேக்க மொழி அவருக்கு மெல்போர்னில் கைகொடுத்தது. அவர் சொல்வதை மற்ற வீரர்களுக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னவரும், அவரைக் காரில் பயிற்சிக்கு அழைத்து வந்தவரும் அணித்தலைவர் ஆஞ்ச் போஸ்டெகோக்லு. 1991 இறுதியாட்டத்தில் மெல்போர்ன் குரோவேஷியா முன்னிலையில் இருந்தது. முடியச் சில நிமிடங்களே இருக்கையில் சவுத் மெல்போர்ன் 1-1 எனச் சமன் செய்து, பெனால்டியில் 5-4 என வென்றது. ஏதென்ஸில் பிறந்து ஐந்து வயதில் ஆஸ்திரேலியா வந்த அந்த அணித்தலைவர் பின்னர் பயிற்சியாளராகி, கடைசி இரு பட்டங்களையும் இதே கிளப்புக்கு வாங்கித் தந்தார். 2015-ல் ஆஸ்திரேலியாவுக்கு ஆசியக் கோப்பையும், 2025-ல் டாட்டன்ஹாமுக்கு யூரோப்பா லீக்கும் அவர் காலத்தில்தான் கிடைத்தன. தங்கள் கட்டுரை அவரைப் புகழ்கிறது, அவரை உருவாக்கிய இடத்தைச் சொல்லவில்லை.

ஓசியானியா கிளப் சாம்பியன் என்ற தகுதியில் 2000 ஜனவரியில் பிரேசிலில் நடந்த முதல் உலக கிளப் போட்டிக்கு சவுத் மெல்போர்ன் சென்றது. மரக்கானா மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெடிடமும் வாஸ்கோ ட காமாவிடமும் தலா 2-0, நெகாக்ஸாவிடம் 3-1. மூன்றும் தோல்விதான். ஆனால் அந்த அணியின் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். கோல் அடித்த ஜான் அனஸ்தாசியாடிஸ், கோன் பூட்சியானிஸ் எனக் கிரேக்கப் பெயர்கள் உண்டு. கூடவே கோல் காப்பாளர் மைக்கேல் பெட்கோவிச், இத்தாலியப் பெயர் தாங்கிய பால் டிரிம்போலி, நியூசிலாந்தின் வான் கோவெனி. கிரேக்கர் அல்லாதவருக்கு இடமில்லாத கிளப்பில் இப்படி ஓர் அணி அமையாது.

இனப் பெயர்கள்தான் பொதுமக்களை மைதானத்திலிருந்து விரட்டின என்பது லீக் நிர்வாகத்தின் நெடுநாள் நம்பிக்கை. 1990-களில் டேவிட் ஹில் தலைமையிலான சாக்கர் ஆஸ்திரேலியா என்ற தேசியக் கால்பந்து அமைப்பு, கிளப் பெயரிலும் சின்னத்திலும் இன அடையாளம் இருக்கக் கூடாது என்று கெடுபிடி செய்தது. ஹெல்லாஸ் என்ற சொல் அதிகாரப்பூர்வப் பெயரிலிருந்து போனது. மெல்போர்ன் குரோவேஷியா மெல்போர்ன் நைட்ஸ் ஆனது, பிரஸ்டன் மக்கடோனியா பிரஸ்டன் லயன்ஸ் ஆனது. புதிய ரசிகர்கள் அதற்காகத் திரண்டு வந்துவிடவில்லை. பழைய ரசிகர்களில் ஒரு பகுதியினர் மனம் நொந்து வீட்டில் உட்கார்ந்தார்கள். 2014-ல் மீண்டும் வந்த அடையாளக் கட்டுப்பாட்டை 2019-ல் கால்பந்து நிர்வாகமே கைவிட்டது.

இதே காலத்தில் கிளப் தன் வீட்டையும் இழந்தது. கார் பந்தயத் தடத்துக்காக மிடில் பார்க் இடிக்கப்பட்டது. மாற்றாக 1995-ல் பக்கத்திலேயே, ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து ஆடும் ஸ்வான்ஸ் அணியின் பழைய மைதானம் இருந்த இடத்தில், புதிய அரங்கம் கிடைத்தது. தேசிய லீக்குக்கோ தொலைக்காட்சி வருமானம் போதவில்லை, பயணச் செலவு கண்டம் அளவு. கால்பந்து நிர்வாகத்தை ஆராய்ந்து 2003-ல் வந்த கிராஃபோர்டு அறிக்கை அந்த நிர்வாகத்தையே மாற்றச் சொன்னது, 2004-ல் லீக் மூடப்பட்டது. அதே ஆண்டு சவுத் மெல்போர்னும் கடன் சுமையால் வெளி நிர்வாகியின் பொறுப்புக்குப் போயிற்று. ஆதரவாளர்களின் பணத்தில் மீண்டு, 2005-ல் விக்டோரியா மாநில லீக்கில் இறங்கியது. மொழியும் கொடியும் இந்த வீழ்ச்சிக்குக் காரணம் என்பது எங்களுக்கு ஏற்புடையதல்ல. வரவை மீறிய செலவும், நகரின் விளிம்புப் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்த இரண்டாம் தலைமுறையை வாரந்தோறும் வரவழைக்க முடியாமல் போனதுமே காரணம்.

ஏ-லீக்கை உருவாக்கிய ஃபிராங்க் லோவியே செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து குடியேறியவர். யூதக் குடியேறிகளின் ஹகோவா கிளப்பை வழிநடத்தியவர். நான்கு தேசியப் பட்டங்கள் வென்று, பின்னாளில் சிட்னி சிட்டி என அறியப்பட்ட அந்த அணி, 1987-ல் ஒரே ஆட்டத்தோடு லீக்கிலிருந்து விலகியது. ஏ-லீக்கின் பிரிஸ்பேன் ரோர் வந்ததும் குயின்ஸ்லாந்து லயன்ஸ் வழியாக. அது 1957-ல் நெதர்லாந்துக் குடியேறிகள் ஹொலாண்டியா இனாலா என்று தொடங்கிய கிளப். ரோர் அணியின் ஆரஞ்சு நிறம் அங்கிருந்து வந்ததே. புதிய லீக் வெறும் நிலத்தில் எழவில்லை.

கதவு அடைத்தது வேறு இடத்தில். ஏ-லீக்குக்குக் கீழிருந்து ஏறும் வழி கிடையாது, உரிமம் பெற்றவர் மட்டுமே ஆடலாம். 2018-ல் சவுத் மெல்போர்ன் விண்ணப்பித்தபோது உரிமம் புதிதாக உருவான வெஸ்டர்ன் யுனைடெடுக்குப் போனது. அந்த அணி 2025-26 பருவத்தில் ஆடவில்லை. மறுபக்கம், குரோவேஷியர் தொடங்கிய சிட்னி யுனைடெட் 58, 2022-ல் ஆஸ்திரேலியக் கோப்பையின் இறுதிக்கு வந்தது. மாநில லீக் அணி ஒன்று அவ்வளவு தூரம் வந்தது அதுவே முதல் முறை. 2025-ல் கிரேக்கர்களின் ஹைடல்பர்க் யுனைடெடும் அதே இடத்தை எட்டியது.

2025 அக்டோபரில் ஆஸ்திரேலிய சாம்பியன்ஷிப் என்ற இரண்டாம் நிலைத் தேசியப் போட்டி தொடங்கியது. சவுத் மெல்போர்ன் உட்பட, நேரடியாக இடம் பெற்ற எட்டு அடிப்படை கிளப்புகள், மாநில லீக்குகளிலிருந்து தகுதி பெறும் எட்டு அணிகள். அடிப்படை கிளப்புகள் எட்டில் பெரும்பான்மை குடியேறியோர் கிளப்புகளே. மாநிலப் பருவம் முடிந்த பின் சில வாரங்கள் மட்டும் நடப்பதால், பகலில் வேலைக்குப் போகும் வீரர்களை வைத்தே ஆட முடிகிறது, பயணச் செலவும் ஓரளவு அடக்கம். ஆனால் வென்றாலும் ஏ-லீக்குக்கு ஏற முடியாது. இதை எப்போது, எந்த நிதி நிபந்தனையோடு மாற்றுவது என்பதே இன்று அங்கே பேசப்பட வேண்டிய விஷயம். அடுத்த முறை ஆஸ்திரேலியக் கால்பந்தைப் பற்றி எழுதும்போது தங்கள் நிருபர் அதையும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மெல்போர்ன் வாசகர்கள் சிலர்