கல்யாணம் செய்தால் குடியுரிமை கிடைத்துவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

குடியுரிமை விண்ணப்பங்களுக்கான ஆவணங்களை மொழிபெயர்த்துத் தருவது என் தொழில். குடியேறும் நாட்டுக்காரரைக் கல்யாணம் செய்தாலே போதும் என்று பலர் நம்பிக்கொண்டு வருகிறார்கள். அமெரிக்காவில் கிரீன் கார்டு எனும் நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்குப் பிறகான 5 ஆண்டுக் காத்திருப்பு 3 ஆகக் குறையும், அவ்வளவுதான். அதுவும் சேர்ந்து வாழ்ந்தால்!

கனடாவில் நாள் கணக்கு. விண்ணப்பத்துக்கு முந்தைய 5 ஆண்டுகளில் 1,095 நாள் அங்கேயே இருந்திருக்க வேண்டும். பழைய பாஸ்போர்ட்டில் மங்கிப்போன முத்திரைத் தேதிகளைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடியிருக்கிறேன். பயணத் தேதிகளை அப்போதைக்கப்போது எழுதிவைப்பவர் அபூர்வம்.

கேட்க மறக்கும் கேள்வி வேறு. இந்தியரோ ஜப்பானியரோ தாமாக வேற்றுநாட்டுக் குடியுரிமை பெற்றால் பழையது போய்விடும். ஜெர்மனி 2024 முதல் இரண்டையும் அனுமதிக்கிறது. புதிய நாட்டின் குடியுரிமை உறுதிமொழி எடுப்பதற்கு முன்பே இதை விசாரித்துக்கொள்வது நல்லது.

– ஓர் ஆவண மொழிபெயர்ப்பாளர்