போர்டின் இரண்டாவது வரி: விழாக்குழு அண்ணாச்சிமாருக்கு ஒரு திறந்த மடல்

மும்பை தாராவியில் நைன்ட்டி ஃபீட் ரோட்டை ஒட்டிய எங்கள் தெருவின் பொங்கல் விழாக்குழு அண்ணாச்சிமாருக்கு, வணக்கம்.

தெருமுனையில் நேற்று ராத்திரி கட்டியிருக்கிற போர்டைப் பார்த்தேன். “பொங்கல் வைக்கும் இடத்தில் செல்ஃபி எடுக்கக் கூடாது. குறிப்பாகப் பெண்பிள்ளைகள் கவனிக்கவும். படம் எடுக்க ஸ்டூடியோ ஆள் ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது.” அந்த ஸ்டூடியோ ஆள் நான்தான். போன வாரம் உங்களிடம் 2,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிச் சட்டைப்பையில் வைத்தவன். செல்ஃபிக்குத் தடை போட்டால் எனக்குக் கூடுதலாக நாலு பிரிண்ட் விற்கும், அதில் எனக்குத்தான் லாபம். அதனால் இதை வயிற்றெரிச்சலில் எழுதுகிறான் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த போர்டைக் கழற்றுங்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

சாயாக்கடையில் உங்களில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது: “எந்நேரமும் தன் மூஞ்சியைத் தானே பார்த்துக்கிட்டு, வேற வேலையே இல்லையா இதுகளுக்கு?” சத்தியமாகச் சொல்கிறேன், பத்து வருஷத்துக்கு முன்னால் நானும் இதே வசனத்தைக் கல்லாவில் உட்கார்ந்து பேசியவன்தான். போனில் முன்பக்கக் கேமரா வந்த பிறகுதான் என் பிழைப்பு படுத்தது. ஃபிலிம் காலத்தில் முப்பத்தாறு படம் பிடிக்கிற ஒரு ரோலை வைத்துக்கொண்டு ஒரு கல்யாணத்தையே முடிப்போம், காதுகுத்தா, ஆறே ஆறு படம். யார் படத்தில் வரலாம், யார் ஓரமாக நிற்கலாம் என்பதைக் காசு கொடுப்பவரும் நானும் சேர்ந்து முடிவு செய்வோம். இப்போது என் கடை பாஸ்போர்ட் சைஸிலும் ஜெராக்ஸிலும் லேமினேஷனிலும் ஓடுகிறது. அப்புறம், மாலை போடுகிற படங்கள்.

அந்த மாலைப் படங்களைப் பற்றித்தான் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வீட்டில் ஒரு பெரிய மனுஷி தவறிவிட்டால் பதினாறாம் நாளுக்குள் சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும். பையனோ பேரனோ கடைக்கு வருவான், கையில் வாக்காளர் அட்டை இருக்கும். அதில் தபால்தலை அளவுக்கு ஒரு கறுப்பு வெள்ளை முகம், பாதி மை. அதைப் பெரிதாக்கினால் கண் எது, நிழல் எது என்றே தெரியாது, நான் உட்கார்ந்து புருவம் வரைந்து, பொட்டு வைத்து, கழுத்துக்குக் கீழே வேறு யாருடைய சேலையையோ ஒட்டிக் கொடுப்பேன். அட்டையும் சரியில்லை என்றால் யார் வீட்டுக் கல்யாண ஆல்பத்திலிருந்தோ ஒரு குரூப் போட்டோ வரும், அதில் பின்வரிசையில் ஒருவர் தோளுக்குப் பின்னால் அரை முகம் தெரியும், “இவங்கதான், இவங்களை மட்டும் எடுத்துக் கொடுங்க” என்பார்கள். நாற்பது வருஷம் இந்தத் தெருவில் தண்ணீர் பிடித்து, இட்லி அவித்து விற்று, மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்த ஒரு அம்மாவுக்கு, அவளே நின்று எடுத்துக்கொண்ட ஒரு படம் இருக்காது. ஆண்களுக்காவது ஏதாவது சங்கத்து விழாவில் சால்வை வாங்குகிற படம் ஒன்று கிடைத்துவிடும். என் அம்மா போனபோதும் நான் வாக்காளர் அட்டையைத்தான் பெரிதாக்கினேன். ஸ்டூடியோக்காரன் வீட்டிலேயே அந்தக் கதி. கேட்டால் “எனக்கு எதுக்குடா படம், ரோல் வீணாப் போகும்” என்பாள், நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

இப்போது பாருங்கள். போன ஆடி மாதம் ஒரு பெண் வந்தாள், மாமியார் தவறியிருந்தார். போனை நீட்டினாள், அதில் அந்த அம்மா தனக்குத்தானே எடுத்துக்கொண்ட படங்கள் நாற்பதுக்கு மேல் இருந்தன. பாதி கூரை, சிலதில் ஒரு காது மட்டும், சிலதில் கட்டைவிரல். ஒன்று மட்டும் அருமையாக விழுந்திருந்தது. குயவர்கள் இருக்கிற கும்பார்வாடாவில் வாங்கிய புதுப்பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வலது கையை நீட்டிப் போனைப் பிடித்து, பல் போன வாயோடு சிரிக்கிறார், போன பொங்கலன்று நம் தெருவில் எடுத்தது. அந்த நீட்டிய கை கீழ் மூலையிலிருந்து பெரிதாகத் தெரிந்தது, ஒரு கண்ணாடி வளையல், அதில் ஒரு ஊக்கு கோத்திருந்தது. வழக்கம்போல “கையை எடுத்துட்டு நேரா ஆக்கிடவா?” என்று கேட்டேன். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, “வேண்டாம்ணே, அவங்க எடுத்ததுன்னு தெரியணும்ல” என்றாள். கையோடுதான் பிரேம் போட்டேன்.

அண்ணாச்சி, உங்கள் போர்டு போன வருஷமே இருந்திருந்தால் அந்தப் படம் கிடையாது.

தன் முகத்தைத் தானே பதித்துக்கொள்கிற ஆசை போன் வந்த பிறகு முளைத்ததும் இல்லை. 1839-ல் அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவில் ராபர்ட் கார்னீலியஸ் என்று ஒருவர், விளக்கு செய்கிற குடும்பத்துக்காரர், கடைக்குப் பின்னால் வெளிச்சத்தில் கேமராவை நிறுத்தித் தன்னைத் தானே படம் பிடித்துக்கொண்டார், தலைமுடி கலைந்து, கண்ணைக் கொஞ்சம் ஓரமாக வைத்துக்கொண்டு. இன்றைக்கும் இருக்கிற மிகப் பழைய மனித முகப் படங்களில் அது ஒன்று. அது எதற்கு, நம் மதுரைக்கே வாருங்கள். புதுமண்டபத்துத் தூணில் திருமலை நாயக்கர் தன் மனைவிமாரோடு கைகூப்பி நிற்கிறாரே, அவர் கட்டின மண்டபத்தில் அவர் சிலை. அதை யாரும் தற்பெருமை என்று சொல்வதில்லை, வரலாறு என்று சொல்லிப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுகிறோம். ராஜா கல்லில் செய்தால் வரலாறு, தோல்பட்டறைக்காரர் பேத்தி எட்டாயிரம் ரூபாய் போனில் செய்தால் திமிரா? வெளியிலிருந்து பெரிய கேமராவோடு வருகிறவர்கள் நம் சாக்கடையையும் நம் பிள்ளைகள் மூக்கு ஒழுக நிற்பதையும் எத்தனையோ வருஷமாகப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், அவர்களுக்கு எந்த போர்டும் வைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

சரி, பகட்டே இல்லையா என்றால், இருக்கிறது. இல்லை என்று நான் சாதிக்கப்போவதில்லை. முப்பது படம் எடுத்து இருபத்தொன்பதை அழிக்கிறார்கள், முகத்தை மாவு பூசின மாதிரி வெளுப்பாக்குகிற ஃபில்டரைப் போட்டுக்கொள்கிறார்கள், பார்த்தால் எனக்கும் எரிச்சல்தான். ஆனால் அந்த வித்தையை ஆரம்பித்தது யார்? நாங்கள்தான், ஸ்டூடியோக்காரர்கள். பெண் பார்க்க அனுப்புகிற படம் என்றால் “கொஞ்சம் செவப்பாக்கிக் கொடுங்க” என்று அப்பாமார் வந்து நிற்பார்கள், நானும் டச்சப் என்று தனிக் காசு வாங்கிக்கொண்டு எத்தனையோ கறுப்புப் பெண்களை வெளுத்துக் கொடுத்திருக்கிறேன். இந்தக் குழுவிலேயே இரண்டு பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன், பெயர் வேண்டாம்.

இன்னொரு கெடுதலும் உண்டு, அது எங்கள் தொழில் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். போன மாதம் கல்லூரிப் பையன் ஒருவன் வந்து, மூக்கு பெரிதாக இருக்கிறது, ஆபரேஷன் செய்யலாமா என்று யோசிக்கிறேன் என்றான். மூக்கில் ஒன்றும் இல்லை. ஒரு அடி தூரத்தில் போனைப் பிடித்தால் லென்சுக்குப் பக்கத்தில் இருக்கிற மூக்கு பெரிதாகவும் காது சின்னதாகவும்தான் விழும். ஐந்தடி தள்ளி எடுத்ததைவிட, ஓரடியில் எடுத்தால் மூக்கு முப்பது சதவீதம் வரைக்கும் பெரிதாகத் தெரியும் என்று அமெரிக்க டாக்டர்கள் 2018-ல் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார்கள். அவனை ஸ்டூலில் உட்கார வைத்து, ஐந்தடி தள்ளி நின்று ஒரு படம் எடுத்துக் காட்டினேன், காசு வாங்கவில்லை. போகும்போது வாசலில் நின்று அந்தப் பிரிண்டையே ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு போனான், அது வேறு விஷயம்.

ஆபத்து என்று சொல்கிறீர்கள். அதை நான் லேசாக எடுக்கவில்லை. 2016 ஜனவரியில் பாந்த்ரா பேண்ட்ஸ்டாண்டில் செல்ஃபி எடுத்த மூன்று பெண்கள் கடலில் விழுந்ததும், இருவரைக் கரைசேர்த்த மனிதர் மூன்றாவது பெண்ணைக் காப்பாற்றப் போய் அவளோடு சேர்ந்து அவரும் போனதும் மும்பையில் யாருக்குத்தான் மறக்கும்? அதற்குப் பிறகுதான் போலீஸ் நகரத்தில் செல்ஃபி கூடாத இடங்கள் என்று பிரித்தது. அதைக் கவனியுங்கள், அவர்கள் இடத்தைப் பார்த்தார்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத பாறை, அலை ஏறுகிற கரை, அங்கே வேண்டாம் என்றார்கள், ஊரில் எங்குமே உன் முகத்தைப் பார்க்காதே என்று சொல்லவில்லை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் உலகச் செய்திகளை எல்லாம் திரட்டி 2018-ல் எழுதினார்கள்: 2011 அக்டோபரிலிருந்து 2017 நவம்பர் வரை செல்ஃபி எடுக்கும்போது செத்தவர்கள் 259 பேர், நாடுவாரியாகப் பார்த்தால் நம் நாட்டில்தான் அதிகம், தண்ணீரும் ரயிலும் உயரமும்தான் காரணம். செத்ததில் பத்தில் ஏழு பேர் ஆண்கள்! பெண்பிள்ளைகள் கவனிக்கவும் என்று எழுதியிருக்கிறீர்களே, அது எந்தக் கணக்கில்?

போன வருஷம் நம் பொங்கலில் பானைக்குள் விழுந்ததே ஒரு போன், அதனால்தான் இந்தத் தடையே என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த போன் எந்தப் பெண்பிள்ளையுடையதும் இல்லை, குழுவில் இருக்கிற ஒருவரின் மைத்துனருடையது. பொங்கல் பொங்கும்போது குலவை போடுகிற பெண்களை விலக்கிக்கொண்டு, அடுப்புக்கு மேலே குனிந்து, தன் மூஞ்சியும் பானையும் சேர்ந்து வரவேண்டும் என்று நின்றவர் அவர். பிறகு அந்தப் பானைப் பொங்கலை யாருக்கு விளம்பினார்கள் என்பதையும் நான் பார்த்தேன், சொல்லவில்லை.

அடுப்பு வரிசையில் வேண்டாம் என்று எழுதுங்கள், நான் கைதட்டுகிறேன். சேலைத் தலைப்பு, விறகு நெருப்பு, கொதிக்கிற பால், அங்கே முதுகைக் காட்டிக்கொண்டு போனைத் தூக்குவது ஆணுக்கும் ஆபத்து, பெண்ணுக்கும் ஆபத்து. துக்க வீட்டில் வேண்டாம் என்றாலும் சரிதான், பாடைக்குப் பக்கத்தில் நின்று எடுக்கிற பிள்ளையை நானே திட்டியிருக்கிறேன். ஆனால் கோலத்துப் பக்கம், கரும்புக் கட்டுப் பக்கம், தன் வீட்டு வாசலில்?

வாசல் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். 2024-ல் தாராவி மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு ஆரம்பித்ததிலிருந்து நம் கதவுகளில் எல்லாம் எண் எழுதியிருக்கிறார்கள். யாருக்கு இங்கேயே வீடு, யாரை வேறு எங்கே அனுப்புவார்கள் என்று ராத்திரி தூக்கம் இல்லாமல் பேசிக்கொண்டிருக்கிறோம். இந்த மார்கழியில் நான் கவனித்தேன், பெண்கள் கோலம் போட்டு முடித்ததும் வாசலில் நின்று ஒரு செல்ஃபி எடுக்கிறார்கள், முகம், கோலம், பின்னால் கதவும் அந்த எண்ணும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரியும் எடுத்தாள். முதல் தடவை எண் சரியாக விழவில்லை என்று கொஞ்சம் தள்ளி நின்று மறுபடி எடுத்தாள். பாதிப் படம் கலங்கல், வெளிச்சம் பின்னாலிருந்து அடிக்கிறது, தொழில்காரன் கண்ணுக்கு உறுத்துகிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை, பேக்கப் மட்டும் எடுத்து வைத்தேன்.

ஆக, போர்டில் முதல் வரியை “அடுப்பு வரிசையில் செல்ஃபி வேண்டாம்” என்று மாற்றுங்கள், இரண்டாவது வரியைச் சுரண்டி எடுங்கள், மூன்றாவது வரி இருக்கட்டும். கரும்புக் கட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓரமாக இரண்டு எல்ஈடி விளக்கு நான் கட்டுகிறேன், ஒயரும் ஸ்டாண்டும் என்னுடையது, கரண்ட் மட்டும் குழு மீட்டரிலிருந்து. அங்கே யார் வேண்டுமானாலும் நின்று எடுத்துக்கொள்ளட்டும். வயசானவர்களுக்குப் போனை எந்த உயரத்தில் பிடிப்பது என்று நான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கிறேன்.

இதற்குச் சம்மதம் இல்லை, போர்டு அப்படியேதான் இருக்கும் என்றால், அந்த 2,000 ரூபாயைக் கவரில் போட்டுக் கடைப் பையனிடம் கொடுத்து வைத்திருக்கிறேன், சாயங்காலம் ஆறு மணிக்குள் ஆள் அனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கினதற்கு ரசீது கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தெரு ஸ்டூடியோக்காரன்