ஆறாம் வகுப்புக்குப் போனால் பசிக்காதா?

அம்பாசமுத்திரம்
14.9.2025

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மகளுக்கு வேலை கிடைத்த சேதியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தப் பிள்ளை நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சம்பளம் எவ்வளவு என்று கேட்கச் சொன்னாள். முட்டுவலியைத் தவிர அம்மாவுக்கு வேறு தொந்தரவில்லை. கார் நெல் அறுப்பு தொடங்கிவிட்டது. பாதி ரோட்டை நெல் பிடித்துக்கொண்டது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். நகரத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் காலை உணவு வந்துவிட்டது, போன மாதம் மயிலாப்பூரில் தொடங்கிவைத்தார்கள் என்று எழுதியிருந்தாய். இனி உங்கள் மலைப் பிள்ளைகள் பசியால் படிப்பை நிறுத்த வேண்டியதில்லையே என்றும் கேட்டிருந்தாய். இதற்கு ஆமாம் என்று ஒரு வரியில் பதில் எழுத எனக்கு முடியவில்லை. அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமையை உனக்கென்று ஒதுக்கினேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய திட்டம், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. பாபநாசத்துக்கு மேலே, காணிக்காரர் என்கிற மலைப் பழங்குடியினர் குடியிருப்பில் இருக்கிற பள்ளிக்கும் வந்தது. என் நாத்தனார் அங்கேதான் டீச்சர். அவளோடு ஒரு புதன்கிழமை மேலே போயிருந்தேன். மகளிர் குழுப் பெண்கள் இருட்டோடு வந்து அடுப்பைப் பற்றவைத்துவிடுகிறார்கள். காய்கறி கீழே விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பஸ்ஸில் ஏறி வர வேண்டும். பஸ் வராத நாளில் பள்ளிக்குப் பின்னால் முளைத்திருக்கும் கீரைதான் சாம்பாருக்கு. பிள்ளைகள் தனித்தனியாக வருவதில்லை. கரடி நடமாட்டம் உள்ள வழி என்பதால் பெரிய பிள்ளை முன்னால் நடக்க, கூட்டமாக வருகிறார்கள். அன்றைக்குப் பொங்கல். ஒரு சின்னப் பையன் மிளகை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான். அவன் வீட்டு மரத்தில் ஏறியிருப்பதே மிளகுக் கொடிதான்! மிளகை ஒதுக்கினானே தவிர, பொங்கலை ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்தான்.

முன்பெல்லாம் பாலில்லாத கட்டன்சாயாவைக் குடித்துவிட்டு வருவார்கள், வீட்டில் இருந்தால் அவித்த மரவள்ளிக்கிழங்கு ஒரு துண்டு, பதினோரு மணிக்குக் கண் சொருகும் என்று நாத்தனார் சொன்னாள். இப்போது அந்தச் சொருகல் இல்லை. இந்தத் திட்டத்தை யார் குறை சொன்னாலும் நான் சண்டைக்குப் போவேன்.

ஆனால் இந்தச் சாப்பாடு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அங்கேதான் என் மனசு ஆறவில்லை. மலையில் ஐந்தாம் வகுப்பை முடித்த பிள்ளை மேலே படிக்க வேண்டுமென்றால் இறங்கித்தான் வர வேண்டும். ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும், ஆறிலிருந்து எட்டு வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் விதி. எட்டாத இடமென்றால் வண்டியோ தங்குமிடமோ ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. சமவெளிக்கு அது பொருந்தும். எங்கள் மலையோ புலிகள் காப்பகம். அதற்குள் நினைத்த இடத்தில் பள்ளிக் கட்டடம் எழுப்ப முடியாது, பஸ்ஸும் நினைத்த நேரத்துக்கு ஓடாது. ஆக, நேற்றுவரை பக்கத்துப் பள்ளிக்குப் போய் அங்கேயே சாப்பிட்ட பிள்ளை, ஆறாம் வகுப்பு வந்ததும் விடியுமுன் எழுந்து அதிக தூரம் போகிறது. அந்த வருஷத்திலேயே காலைச் சாப்பாடும் அதற்கு இல்லாமல் போகிறது.

எங்கள் பள்ளி ஒன்றிலிருந்து எட்டு வரை. மலையிலிருந்து வந்து அடிவாரத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருக்கும் அக்காவும் தம்பியும் இங்கே படிக்கிறார்கள். தம்பி நாலாவது, அக்கா ஆறாவது. காலையில் அவன் வரிசையில் உட்கார்ந்து கிச்சடி சாப்பிடுகிறான். அவள் வராந்தாத் தூணோரம் இரண்டு பையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தட்டைக் கழுவி வந்தவனின் வாயைத் துடைத்து வகுப்பில் விட்டுவிட்டுத் தன் வகுப்புக்குப் போவாள். வீட்டில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் "சாப்பிட்டேன் டீச்சர்" என்பாள், என்னவென்று சொல்ல மாட்டாள். நான் சத்துணவு அமைப்பாளர்தான், ஆனாலும் அவள் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறாள். மதியம் எங்கள் சமையலறைக் கதவு திறந்ததும் முதலில் வந்து நிற்பது அவள்தான்.

இதில் பார், மதியச் சாப்பாட்டுக்கு அரசாங்கமே போட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு 100 கிராம் தானியம், 450 கலோரி. ஆறிலிருந்து எட்டு வரை 150 கிராம், 700 கலோரி. வளருகிற பிள்ளைக்குக் கூடுதல் வேண்டும் என்று அங்கே தெரிந்திருக்கிறது. பெண்பிள்ளைகள் பெரியவளாகிற வயசும் அதுதான், ரத்தம் வேண்டிய வயசு. அந்த வயசில் காலைத் தட்டு மட்டும் எப்படி இல்லாமல் போகலாம்?

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவு தொடங்கியபோது நாம் ஆறாவது. சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். உன் தங்கை சாப்பிட, நீயும் நானும் வேப்பமரத்தடியில் நின்றோம். 1984இல்தான் பத்திலிருந்து பதினைந்து வயது வரை விரித்தார்கள். நமக்கு அப்போது எட்டாம் வகுப்பு. இரண்டே வருஷத்தில் அன்றைக்கு அதைச் செய்ய முடிந்திருக்கிறது. காலை உணவையும் அப்படியே விரிக்கலாம். மாநிலம் முழுவதற்கும் உடனே முடியாது என்றால் மலையிலிருந்து இறங்கி வருகிற பிள்ளைகளிடமிருந்து தொடங்கட்டும். எங்கள் பள்ளி மாதிரி இடங்களில் அடுப்பும் பாத்திரமும் ஆளும் ஏற்கெனவே இருக்கின்றன. ரவையும் பருப்பும் கொஞ்சம் கூடப் போட வேண்டும், அவ்வளவுதான்.

நம் திருநெல்வேலிச் சீமைக்கு இதில் ஒரு தனிப் பொறுப்பு உண்டு என்பது என் எண்ணம். சேரன்மகாதேவி ரயில்வே கேட்டில் மாடு மேய்த்த பையனைக் காமராஜர் விசாரித்த கதையை நம் வாத்தியார் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! படிக்கப் போனால் சோறு யார் போடுவார் என்று அந்தப் பையன் கேட்டானாம். 1956இல் அவர் மதிய உணவைத் தொடங்கிவைத்த எட்டயபுரமும் அப்போது நம் ஜில்லாதானே.

விடுதியில் சேர்க்கலாமே என்பாய். சேர்க்கிறார்கள். சில பிள்ளைகள் தங்கிப் படித்து மேலே வருகிறார்கள். ஆனால் பத்து, பதினோரு வயசில் காட்டையும் அம்மாவையும் விட்டு வருகிற பிள்ளையின் பேச்சில் மலையாளம் கலந்திருக்கும். வகுப்பில் யாராவது சிரித்துவிட்டால் அடுத்த லீவுக்குப் போனது திரும்பாது. "அதுகளுக்குப் படிப்பில் மனசில்லை" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே ஆத்திரமாக வரும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம், பழங்குடியினருக்கு 54. இவ்வளவு பேருக்கும் மனசில்லாமலா போய்விட்டது?

சாதிச் சான்றிதழ் விஷயமும் உண்டு. காணிக்காரர் பழங்குடிப் பட்டியலில் இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் செங்கோட்டை, அம்பாசமுத்திரம் தாலுகாக்களுக்கும்தான். கையெழுத்துக்குத் தாசில்தார் போதாது, கோட்டாட்சியர் வரை போக வேண்டும். காட்டுக்குள் இருக்கிற அப்பா கூலியை விட்டுவிட்டு எத்தனை நாள் அலைவார்?

அப்புறம் மழை. காரையாறு அணைக்கு அந்தப் பக்கம் இஞ்சிக்குழி இருக்கிறதே, அணைத் தண்ணீரைத் தாண்டிக் காட்டு வழி நடக்க வேண்டிய இடம். அங்கே இருந்த நூறு வயசு தாண்டிய பாட்டிக்கு ஒரு தபால்காரர் நடந்தே போய்ப் பென்சன் கொடுத்ததைப் பத்திரிகையில் படித்திருப்பாய். பென்சனை மாதம் ஒரு தடவை கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். பிள்ளைக்குச் சோறும் படிப்பும் தினமும் வேண்டுமே. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் பள்ளிக்கு லீவு, லீவு என்றால் சாப்பாடும் கிடையாது. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே பள்ளி விடுமுறை நாள் நீங்கலாக என்றுதான் இருக்கிறது. கொரோனா சமயத்தில் நாங்கள் அரிசி, பருப்பு, முட்டையைப் பெற்றோர் கையில் கொடுத்தோம். மழைக்காலத்துக்கு முன்னால் மலைக் குடும்பங்களுக்கு அதே மாதிரி கொடுத்துவைக்க ஏன் கூடாது?

ஆறாம் வகுப்புக்கு மேலும் காலை உணவு, மழைக்கு முன்னால் அரிசி பருப்பு, இந்த இரண்டையும் கேட்டு மலைப் பெற்றோர்கள் ஒரு மனு கொடுக்கப் போகிறார்கள். இம்மாதக் கடைசித் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்குக் கிளம்புகிறார்கள். நாத்தனாரும் நானும் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தோம். நகலை இதோடு வைத்திருக்கிறேன். ஏட்டி, நீ இத்தனை வருஷம் ஆபீஸில் கோப்பு பார்த்தவள். எந்த அரசாணையைக் காட்டிக் கேட்டால் தட்டிக்கழிக்க மாட்டார்கள், எந்த வரியை எடுத்துவிடலாம் என்று உனக்குத்தான் தெரியும். திருத்தித் தபாலில் போடு. தபால் தாமதமாகும் என்று தோன்றினால் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிவிடு. இருபத்தைந்தாம் தேதிக்குள் கிடைத்தால் தட்டச்சு செய்து மேலே கொண்டுபோய்க் கையெழுத்து வாங்க நேரம் இருக்கும்.

அன்புடன்,
உன் தோழி