மனச்சோர்வு மாத்திரை: டாக்டர் சீட்டுக்குப் பிறகு வீட்டில் தெரிய வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனச்சோர்வு பற்றி வரும் கட்டுரைகள் பெரும்பாலும் "மருத்துவர் ஆலோசனைப்படி மாத்திரை உட்கொள்ளவும்" என்ற வரியோடு முடிந்துவிடுகின்றன. தவறில்லை, ஆனால் போதாது. சீட்டோடு மருந்துக்கடைக்குப் போகிறவரும், வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்கிறவரும் தடுமாறும் இடங்கள் அதற்குப் பிறகுதான் வருகின்றன. மருந்து வழங்கும் இடத்தில் வேலை செய்பவர்கள் என்ற முறையில் அவற்றில் சிலவற்றை எழுதுகிறோம்.

முதலில் மாத்திரை அட்டை. மனச்சோர்வுக்குத் தரும் எஸிட்டலோபிராம் 10 மில்லிகிராம் கடையில் தனியாகவும் கிடைக்கிறது, குளோனாசிபாம் 0.5 மில்லிகிராமோடு சேர்ந்த கூட்டு மாத்திரையாகவும் கிடைக்கிறது. பிராண்டு பெயருக்குப் பின்னால் வரும் "பிளஸ்" போன்ற ஒரு சின்ன ஒட்டுதான் வித்தியாசம். குளோனாசிபாம் மனச்சோர்வுக்கான மருந்து அல்ல. பதற்றத்தைத் தணித்துத் தூங்கவைக்கும், நாளடைவில் பழக்கமாகிவிடும். எஸிட்டலோபிராம் வேலைசெய்யத் தொடங்கும்வரை சில வாரங்களுக்கு அதைச் சேர்த்துக் கொடுப்பதுண்டு. அதன்பின் அதை விலக்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டியே மாதாமாதம் வாங்கிக்கொண்டிருந்தால் யார் விலக்குவது? பிறகு ஒருநாள் மொத்தமாக நிறுத்தும்போது இரண்டு மருந்துகளையும் விட்ட தொல்லை ஒன்றாக வந்து சேரும். நீண்ட நாள் எடுத்த குளோனாசிபாமைச் சட்டென்று விட்டால் வலிப்புகூட வரலாம். கூட்டு மாத்திரையைப் பாதியாக உடைத்தால் இரண்டுமே பாதியாகும். ஒன்றை மட்டும் குறைக்க முடியாது. எனவே அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விடுங்கள், பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். இரண்டு பெயர் இருந்தால், "இந்த இரண்டாவது மருந்து எத்தனை நாளைக்கு?" என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அடுத்தது முதல் இரண்டு வாரம். பலர் மாத்திரையை விட்டுவிடுவது இங்கேதான். பக்க விளைவு முதல் நாளிலேயே வந்துவிடும். பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும், முழுப் பலனுக்கு 6 முதல் 8 வாரம்கூட ஆகலாம். குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, கை நடுக்கம் எல்லாம் பொதுவாக ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மாத்திரை குமட்டினால் சாப்பாட்டோடு போடலாம். ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற இன்னொன்றைக் காலையில் போடுவது நல்லது, இரவில் போட்டால் பலருக்குத் தூக்கம் கெடும். எஸிட்டலோபிராம் தூக்கத்தைக் கெடுத்தால் காலையிலும், தூக்கக் கலக்கம் தந்தால் இரவிலும் போடலாம். எதுவானாலும் தினமும் ஒரே நேரத்தில். ஒரு வேளை மறந்துபோய் அதே நாளில் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது.

பொறுத்துக்கொள்ளக் கூடாத அறிகுறிகளும் உண்டு. ஓரிடத்தில் உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருப்பது, எரிந்து விழுவது, சாக வேண்டும் என்ற பேச்சு. இளம் வயதினரிடம் இந்த ஆபத்து கூடுதல். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் சிறுவர்களுக்கும், 2007இல் 24 வயது வரையுள்ளவர்களுக்கும் என்று இந்த எச்சரிக்கையை மருந்தோடு சேர்த்தே அச்சிட வைத்தது. மாத்திரை தொடங்கும்போதும் அளவை மாற்றும்போதும் முதல் சில வாரங்களுக்கு மாத்திரை அட்டை வீட்டில் வேறொருவர் கையில் இருக்கட்டும். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகை என்றால் இது இன்னும் முக்கியம், அளவு மீறினால் அது இதயத்தைத் தாக்கும். நேர்மாறான ஒன்றும் நடக்கலாம்: இரண்டு மூன்று மணி நேரமே தூங்கிவிட்டுத் துள்ளலாக எழுவார், ஓயாமல் பேசுவார், பணத்தை வாரி இறைப்பார். வீட்டில் "குணமாகிவிட்டது" என்று மகிழ்வார்கள். அது மனஎழுச்சி நோயாக இருக்கலாம். மருந்தையே மாற்ற வேண்டி வரும், அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். உடனே யாரும் கிடைக்காவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 108.

முதியோர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த மாத்திரைகள் ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கக்கூடும், பெரும்பாலும் முதல் மாதத்துக்குள். நம் ஊரில் ரத்த அழுத்த மாத்திரைகள் பலவற்றில் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் பிரிக்கும் மருந்து சேர்ந்தே வருகிறது, அதுவும் சோடியத்தைக் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் பெரியவர் தள்ளாடுவார், பேச்சு குழறும், பகலெல்லாம் தூங்குவார், பாத்ரூமில் விழுவார். "வயசாகிவிட்டது" என்றோ "மனச்சோர்வு முற்றிவிட்டது" என்றோ நினைத்து மாத்திரை அளவைக் கூட்டக் கேட்பவர்கள் உண்டு. வேண்டியது ஒரு சோடியம் ரத்தப் பரிசோதனை. மாத்திரை தொடங்கும் முன் ஒன்று, 2 முதல் 4 வாரத்துக்குள் இன்னொன்று எடுத்தால் இந்த விழுகைகளில் பலவற்றைத் தவிர்க்கலாம். முதியோருக்கு எஸிட்டலோபிராம் பொதுவாக நாளைக்கு 10 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

மற்ற மருந்துகளோடு சேரும்போது வரும் சிக்கல்கள் பெரும்பாலும் சாதாரண மருந்துகளில்தான் ஒளிந்திருக்கின்றன. காலையில் வெறும் வயிற்றில் போடும் "கேஸ் மாத்திரை" பலவற்றில் டாம்பெரிடோன் இருக்கும். எஸிட்டலோபிராமோடு சேர்ந்தால் இதயத் துடிப்பின் சீரைக் கெடுக்கலாம். ஒமெப்ரசோல் என்றால் ரத்தத்தில் எஸிட்டலோபிராமின் அளவையே உயர்த்திவிடும். வறட்டு இருமல் சிரப்பில் வரும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான், வலிக்குத் தரும் டிராமடால், லினிசோலிட் என்ற ஆன்டிபயாடிக் ஆகியவை இந்த மாத்திரைகளோடு சேர்ந்தால் செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளை அளவுக்கு மீறி ஏற்றிவிடலாம்: வியர்வை, காய்ச்சல், நடுக்கம், கால் தசைகள் வெட்டி வெட்டி இழுப்பது, குழப்பம். இவை தெரிந்தால் வீட்டில் வைத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மூட்டுவலிக்குத் தினமும் டைக்ளோஃபெனாக் போடுபவர்கள் இவற்றையும் எடுத்தால் இரைப்பையில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு கூடும். மலம் கறுத்துப் போனால் கவனியுங்கள். மார்பகப் புற்றுநோய்க்கு டாமாக்ஸிஃபென் எடுப்பவர்களுக்கு ஃப்ளூவாக்ஸெட்டின், பராக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரைகள் இரண்டும் ஆகாது, டாமாக்ஸிஃபெனின் பலனையே குறைத்துவிடும். சளிக்கோ பல்வலிக்கோ வேறு டாக்டரிடம் போனாலும் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லிவிடுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் அட்டையை எடுத்து நீட்டினாலே போதும்.

இனி நிறுத்துவது. மாலை போட்டு விரதம் இருக்கிறோம், கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, கர்ப்பம் தரித்திருக்கிறது, நன்றாகிவிட்டது என்று நிறுத்தப் பல காரணங்கள் வரும். விரதத்துக்கும் இந்த மாத்திரைக்கும் பகை இல்லை. ரமலான் நோன்பு என்றால் நாளைக்கு ஒரு முறை போடும் மாத்திரையின் நேரத்தை டாக்டரிடம் கேட்டு நோன்பு திறந்த பிறகுக்கு மாற்றிக்கொள்ளலாம். கர்ப்பம் என்றால் தானாக நிறுத்தாமல் அந்த வாரமே டாக்டரைப் பார்க்க வேண்டும். நன்றாகிவிட்டது என்பவர்களுக்கு: நன்றான பிறகும் முதல் முறை என்றால் குறைந்தது 6 முதல் 9 மாதம், திரும்பத் திரும்ப வந்ததென்றால் 2 வருடமோ அதற்கு மேலோ தொடர வேண்டும்.

சட்டென்று விட்டால் 2 முதல் 4 நாளில் தலைசுற்றல், தலைக்குள் ஷாக் அடித்த மாதிரி வெட்டு, கண்டபடி கனவு, காரணமில்லாத அழுகை வரும். பராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸினில் இது மோசமாக இருக்கும். உடம்பில் நீண்ட நாள் தங்கும் ஃப்ளூவாக்ஸெட்டினில் குறைவு. நோய் திரும்பி வருவதென்றால் வழக்கமாக வாரக்கணக்கில் மெல்லத்தான் வரும். நாலாம் நாளே வருவது பெரும்பாலும் மாத்திரையை விட்டதன் விளைவு. "ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக் குறைக்கிறேன்" என்பது எஸிட்டலோபிராம், செர்ட்ரலின் போன்றவற்றுக்குச் சரிவராது. ஒன்றரை நாளுக்குள் ரத்தத்தில் மருந்து பாதியாகிவிடுவதால் தினமும் ஏறி இறங்கும். தினமும் போட்டுக்கொண்டே அளவைக் குறைப்பதுதான் முறை. உதாரணமாக செர்ட்ரலின் 100 மில்லிகிராம், பிறகு 50, பிறகு 25 என்று ஒவ்வொரு படியிலும் 2 முதல் 4 வாரம். பல மாதம், வருடம் எடுத்தவர்களுக்கு இன்னும் மெதுவாக. கடைசிப் படிதான் கடினம், ஏனென்றால் குறைந்த அளவிலேயே இந்த மருந்துகள் மூளையில் பெரும்பகுதி வேலையைச் செய்துவிடுகின்றன. நடுவில் கோடு இருக்கும் மாத்திரையை உடைக்கலாம். மெதுவாகக் கரையும் வகையையும் கேப்ஸ்யூலையும் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, அதற்குக் குறைந்த அளவு மாத்திரையை எழுதித் தரச் சொல்ல வேண்டும். ஒரு படியில் தொல்லை தாங்க முடியாவிட்டால் டாக்டரிடம் சொல்லி முந்தைய அளவுக்கே திரும்பலாம். பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். பிறகு இன்னும் சின்னப் படியாக இறங்கலாம்.

இப்படிக்கு,
மருத்துவமனை மருந்தாளுநர்கள் சிலர்,
மதுரை.