வான்கோழி மிச்சம்

செயின்ட் பால், மினசோட்டா
டிசம்பர் 2

அன்புள்ள புஷ்பா,

ஸ்தோத்திரம். இங்கே இருவரும் சுகம். இவருக்கு முழங்கால் வலி, எனக்கு இவர். செப்டம்பரில் போனில் அழுததோடு சரி, அப்புறம் ஒரு வரி எழுதவில்லை என்று நீ எஸ்தரிடம் சொன்னது இங்கே வந்து சேர்ந்துவிட்டது. எஸ்தரிடம் சொன்னால் எங்கெல்லாம் போகும் என்று தெரிந்துதானே சொன்னாய்? திட்ட வேண்டியதைத் திட்டி முடித்துவிட்டு மேலே படி.

தேங்க்ஸ்கிவிங்குக்கு லிடியா வந்திருந்தாள், அந்தப் பையன் எரிக்கோடு. இந்தப் பண்டிகை நவம்பர் நான்காம் வியாழன்தான் என்பதால், முந்தின வார இறுதியிலேயே வான்கோழியை வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். 16 பவுண்டு, அதாவது ஏழு கிலோவுக்கு மேல். கல்லாக உறைந்து கிடக்கும் பறவை ஃப்ரிட்ஜுக்குள் இளக வேண்டும் என்றால், நாலைந்து பவுண்டுக்கு ஒரு நாள் கணக்கு. அத்தனை நாளும் கீழ்த்தட்டு முழுக்க அதுதான். தயிர்ப் பாத்திரத்துக்கு இடமில்லை என்று இவர் ஒரே புலம்பல்.

புதன் ராத்திரி வந்து இறங்கினவள், கோட்டைக் கழற்றுவதற்கு முன்னால் சொல்கிறாள்: "அம்மா, நாங்கள் இரண்டு பேரும் வீகன் ஆகிவிட்டோம்."

கறி மட்டுமில்லையடி. பால், தயிர், நெய், முட்டை, தேன் எதுவும் கிடையாதாம். எப்போதிலிருந்து என்றேன். ஆகஸ்டிலிருந்தாம். ஏன் சொல்லவில்லை என்றால், "சொன்னால் நீ அழுவாய்." நான் எங்கே அழுதேன்? ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினேன். உன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து நல்லி எலும்பைத் தட்டித் தட்டி உறிஞ்சின பிள்ளை அது. எரிக் கதை இன்னும் அழகு. அவனுடைய அப்பா விஸ்கான்சினில் மாடு வைத்திருப்பவர். அந்த மாநிலத்தில் கார் நம்பர் பிளேட்டிலேயே 'அமெரிக்காவின் பால் பூமி' என்று எழுதியிருப்பார்கள். அந்த வீட்டுப் பிள்ளை என் காப்பியில் ஓட்ஸ் பாலை ஊற்றிக் குடிக்கிறான். அவன் அம்மாவை நினைத்தபோது, என் கஷ்டம் பாதியாகிவிட்டது.

சரி, மேசைக்கு வான்கோழி வந்தது. பிள்ளைகள் பீன்ஸும் கிரான்பெரியும் தேங்காய்ப்பால் விட்டு மசித்த உருளைக்கிழங்கும் சாப்பிட்டார்கள். சர்ச்சிலிருந்து வந்த இரண்டு பாட்டிகள் ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். இவர் ஒரு காலைத் தின்றார். மீதி அப்படியே இருந்தது.

என் பழைய நர்ஸ் புத்தி உனக்குத் தெரியும். சமைத்த கறி இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. அதனால் எல்லாரும் பை என்கிற இனிப்பைச் சாப்பிட உட்கார்ந்தபோது, நான் சமையலறையில் எலும்பிலிருந்து கறியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். இவர் உதவுகிறேன் என்று வந்து நின்றுகொண்டு, ஜஹாங்கீர் பாதுஷாவுக்கு 1612இல் கோவாவிலிருந்து ஒரு வான்கோழி வந்தது, அதன் தலை நிமிடத்துக்கு நிமிடம் பச்சோந்தி போல நிறம் மாறுகிறது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார், அவருடைய ஓவியர் மன்சூர் அதைப் படமாக வரைந்தார், அந்தப் படம் இப்போது லண்டனில் ஒரு மியூசியத்தில் இருக்கிறது என்று பாடம் நடத்தினார். ரிடையர் ஆனாலும் சரித்திர வாத்தியார் வாத்தியார்தான். அந்த மியூசியக்காரர்கள் இதையும் வந்து எடுத்துக்கொண்டு போகட்டும் என்றேன்.

நெஞ்சுக்கறி வெள்ளையாக, வறண்டு, நார் நாராக இருக்கும். முதல் நாளே விக்கும், மறுநாள் கேட்கவே வேண்டாம். அதனால்தான் இந்த ஊர்க்காரர்கள் மிச்சத்தைக் கேசரோல் ஆக்கிவிடுகிறார்கள். மினசோட்டாவில் அதற்கு ஹாட்டிஷ் என்று பெயர். ஒரே தட்டில் கறி, காய், மாவுப்பொருள், எல்லாவற்றையும் பிடித்து வைக்க ஒரு டின் காளான் சூப், ஓவனில் ஒரு மணி நேரம். கேம்பெல் கம்பெனி அந்தச் சூப்பை 1934இல் கொண்டுவந்தது. இங்கே சர்ச் சமையலறைகளில் அது இல்லாமல் ஒன்றும் நடக்காது. 'லூத்தரன் பைண்டர்', அதாவது லூத்தரன் பசை என்று அவர்களே கேலி பண்ணிக்கொள்வார்கள். ஹாட்டிஷ் செய்முறையை முதலில் அச்சில் போட்டதும் நம் ஆட்கள்தான்: 1930இல் மான்கேட்டோ ஊரில் ஒரு லூத்தரன் சபைப் பெண்கள் சங்கம் போட்ட சமையல் புத்தகம்.

நான் முதன்முதலில் இங்கே சர்ச்சுக்குப் போனபோது, "நீங்கள் எப்போது லூத்தரன் ஆனீர்கள்?" என்று ஒரு பாட்டி பரிவோடு கேட்டது உனக்கு நினைவிருக்கிறதா? லூத்தரன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கினது 1706, உங்கள் மினசோட்டா மாநிலமானதே 1858 என்று சொன்னேன். அதிலிருந்து அந்தப் பாட்டி என் பக்கம்தான் உட்காருகிறாள்.

இந்தத் தடவை நான் நூடுல்ஸ் போடவில்லை, வைல்ட் ரைஸ் போட்டேன். புஷ்பா, இதைப் பற்றி உன்னிடம் நேரில் பேச வேண்டும். வயலில் விதைக்கிற நெல் கிடையாது. இங்கே வடக்கே ஏரிகளில் தண்ணீருக்குள் தானாக வளரும் ஒரு புல்லின் விதை. அமெரிக்கப் பழங்குடிகளான ஓஜிப்வே மக்கள் அதை மனோமின் என்பார்கள். உணவு தண்ணீர்மேல் வளரும் இடம் வரைக்கும் போங்கள் என்று அவர்களுடைய முன்னோருக்கு வாக்கு கிடைத்ததாம், அப்படி மேற்கே வந்து சேர்ந்தவர்கள். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் அறுவடை. தோணியில் ஒருவர் கோலூன்றித் தள்ளுவார். இன்னொருவர் ஒரு குச்சியால் கதிரை வளைத்து, மற்றொரு குச்சியால் மெதுவாகத் தட்டுவார். பழுத்த மணி தோணிக்குள், பாக்கி தண்ணீருக்குள், அடுத்த வருஷத்து விதையாக. அந்தக் குச்சி 30 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது, ஒரு பவுண்டுக்கு மேல் கனக்கக் கூடாது என்று மாநிலச் சட்டமே இருக்கிறது! அப்புறம் வறுத்து, மிதித்து, புடைத்து எடுக்கிறார்கள். நம் மாமியார்களைக் கொண்டுபோய் அங்கே விட்டால் ஒரு மணி நேரத்தில் பழகிவிடுவார்கள்.

கடையில் மலிவாகக் கிடைப்பது வயலில் மெஷினால் வளர்த்த கறுப்பு ரகம். ஒரு மணி நேரம் வேக வைத்தாலும் பல்லை உடைக்கும். கையால் தட்டின ஏரி அரிசி பழுப்பாக இருக்கும், அரை மணியில் வெந்துவிடும். வெந்ததும் மணி நீளவாக்கில் வெடித்து, உள்ளே இருக்கும் வெள்ளை வெளியே சுருண்டு நிற்கும். லேசாகப் புகை வாசனை, டீத்தூள் வாசனையும் உண்டு. விலையைக் கேட்டால் மயங்குவாய், இருந்தாலும் நான் அதைத்தான் வாங்குகிறேன்.

நீ செய்யப் போவதில்லை என்று தெரியும், ஆனாலும் சொல்கிறேன். எலும்புக்கூட்டை வெங்காயம், கேரட், செலரி, மிளகு போட்டு மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டேன். அந்தச் சாறு ஃப்ரிட்ஜில் ஜெல்லி மாதிரி உறைந்தால்தான் சரியாக வந்தது என்று அர்த்தம். ஒரு கப் அரிசியை அந்தச் சாற்றிலேயே வேக வைத்தேன், மூன்று கப்புக்கு மேல் ஆனது. வெண்ணெயில் வெங்காயம், செலரி, கொஞ்சம் காளான் வதக்கி, பிய்த்த கறி நாலு கப், ஒரு பிடி பட்டாணி, இரண்டு டின் சூப், மிச்சச் சாறு ஒரு கப். இது வரைக்கும் சபைப் பெண்கள் சங்கம். இதற்கப்புறம் நான். மிளகும் சீரகமும் அம்மியில் இல்லை, மிக்சியில்தான், கரகரவென்று பொடித்துப் போட்டேன், பச்சை மிளகாய் இரண்டு கீறிப் போட்டேன். கலவை தளர இருக்க வேண்டும். அரிசி ஓவனுக்குள்ளும் குடித்துக்கொண்டே இருக்கும், கெட்டியாக வைத்தால் சிமென்ட்தான். மேலே மிஞ்சிப்போன ஸ்டஃபிங் ரொட்டியை உதிர்த்து, வெண்ணெய் தெளித்து, 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் அரை மணி மூடி வைத்தும், அப்புறம் இருபது நிமிடம் திறந்து வைத்தும் எடுத்தேன். ஓரத்தில் கொப்புளம் கொப்புளமாகக் கொதித்து, கண்ணாடித் தட்டின் சுவரில் பழுப்பாகப் பிடிக்குமே, அதுதான் பக்குவம். நான் தெர்மாமீட்டரும் குத்திப் பார்த்தேன், நடுவில் 165 வர வேண்டும். சிரிக்காதே. வார்டில் உனக்கும் எனக்கும் சொல்லிக் கொடுத்தது ஒரே சிஸ்டர்தான்.

நன்றாக இருந்ததடி. அந்த வறண்ட கறி சாற்றைக் குடித்து மெத்தென்று ஆகிவிட்டது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. இவர் எலுமிச்சை ஊறுகாயோடு இரண்டு தட்டு சாப்பிட்டார், ஜஹாங்கீர் பேச்சே இல்லை.

அந்தச் சட்டியைச் சுரண்டும்போதுதான் உன் அம்மா நினைவு வந்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், தரங்கம்பாடி வீட்டுப் பின்கட்டில், மிஞ்சின ஆட்டுக்குழம்பு, கோழி வறுவல், உடைந்த உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் ஒரே மண்சட்டியில் போட்டுத் தணலில் சுண்ட வைப்பார்களே. "கரண்டியைப் போடாதே, கறி உடையும்" என்று நம் இரண்டு பேரையும் விரட்டிவிட்டு, பழைய துணியால் சட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து ஒரு குலுக்கு. எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும். பழைய சோற்றில் அதை அள்ளி வைத்து, பெரிய கறித்துண்டு எனக்கு வரும்படி பார்த்துக்கொள்வார்கள். நான் ஹாஸ்டலில் தங்கிவிட்ட பிள்ளை, ஊருக்குப் போகக் காசில்லாத பிள்ளை என்று தெரியும், ஆனால் ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை.

இங்கே துக்க வீட்டுக்கு இதைத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். யாராவது இறந்துவிட்டால் அன்று மாலையே கதவைத் தட்டி, தட்டின் அடியில் பெயரெழுதி ஒட்டிய ஹாட்டிஷைக் கொடுத்துவிட்டு, உள்ளே வராமல் போய்விடுவார்கள். நம் பக்கத்தில் மட்டும் என்ன, அடுப்பு மூட்டாத வீட்டுக்கு அக்கம்பக்கத்தார்தானே காப்பியும் இட்லியும் கொண்டுவருவார்கள். செப்டம்பரில் அம்மா போனபோது, உன் வீட்டில் அடுப்பு எரியாத அந்த மூன்று நாளும் யார் கொண்டுவந்தார்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. டிக்கெட் விலை, இவர் முழங்கால் என்று காரணம் சொன்னேன். காரணம் எல்லாம் நிஜம்தான். இருந்தாலும் ஹாட்டிஷ் செய்த அந்தச் சனிக்கிழமை சமையலறையில் நின்றுகொண்டு வெகுநேரம் அழுதேன். இவர் வெங்காயம் என்று நினைத்துக்கொண்டு ஜன்னலைத் திறந்துவிட்டார், மைனஸ் குளிரில்.

யார் கொண்டுவந்தார்கள் புஷ்பா? எழுது. கடைசி வாரம் அம்மா என்ன சாப்பிட்டார்கள், என்னைக் கேட்டார்களா, அதுவும் எழுது. போனில் சொல்லாதே, எஸ்தர் லைனில் வந்துவிடுவாள்.

அடுத்த கவலைக்கு வருகிறேன். மே மாதம் திருச்சியில் கல்யாணம். நீ ஏற்கனவே கேள்விப்பட்டிருப்பாய். லிடியா தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "என் கல்யாணச் சாப்பாட்டுக்கு ஒரு உயிர்கூடப் போகக் கூடாது." பிரியாணி இல்லாத லூத்தரன் கல்யாணம்! நெய்யும் கிடையாது, தயிர்ப்பச்சடியும் கிடையாது. ராஜன் சித்தப்பா பந்தியிலிருந்து எழுந்து போய், வெளியே முனியாண்டி விலாஸில் சாப்பிட்டுவிட்டு வந்து மொய் எழுதுவார், அல்லது எழுதவே மாட்டார். நான் அவளிடம் வாதாடிப் பார்த்தேன். அறுப்பின் பண்டிகைக்குச் சர்ச்சில் சேவலை ஏலம் விட்டு வளர்ந்த சபையடி நாம் என்றேன். "அந்தச் சேவலை ஏலத்தில் எடுத்து, வீட்டில் வளர்த்தது புஷ்பா அத்தையின் அம்மாதானே" என்கிறாள். அந்தக் கதையை அவளிடம் யார் சொன்னது? நீதான். அதனால் இதற்கு நீதான் பொறுப்பு.

உன் மகன் கல்யாணத்துக்குச் சமைத்தாரே, அந்த மாஸ்டரைப் போய்ப் பார். பலாக்காய் பிரியாணி போடுவாரா, மே மாதம் பலாக்காய் கிடைக்குமே, நெய்க்குப் பதில் தேங்காயெண்ணெயில் செய்தால் வாசனை எப்படி இருக்கும் என்று கேள். சொதி தேங்காய்ப்பால்தான், அதற்குத் தடையில்லை. ரசம் எரிக்குக்கு உயிர், தம்ளரில் வாங்கிக் குடிக்கிறான். பாயசத்துக்கும் தேங்காய்ப்பாலே போதும். முதலில் ஒரு கிலோ அளவில் செய்யச் சொல்லி, நீயும் அண்ணனும் சாப்பிட்டுப் பார்த்து உண்மையைச் சொல்லுங்கள். எனக்காக நல்லா இருக்கு என்று சொல்லாதே. அண்ணனைச் சொல்லச் சொல், அவருக்குப் பொய் வராது.

எஸ்தரின் தங்கை மகன் இருபதாம் தேதி கிளம்புகிறான். அவன் கையில் ஏரி அரிசி ஒரு பாக்கெட், உனக்கு முழங்காலுக்குப் போடும் உறை ஒரு ஜோடி, அண்ணனுக்கு அவர் கேட்ட டார்ச் கொடுத்தனுப்புகிறேன். அரிசியை இட்லிக்கு ஊறப்போட்டுவிடாதே.

அன்புடன்,
ஜெயா